கிரனாடா சர்வதேச இசை, நடன விழா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பா சுற்றக் கிளம்புகிறவர்களில் பாட்டும் பரதமும் ரசிக்கிற கூட்டம் ஒன்று உண்டு. "ஜூன், ஜூலையில் ஸ்பெயினில் இருப்போம், அங்கே கேட்கவும் பார்க்கவும் என்ன இருக்கிறது?" என்று அவர்கள் கேட்கும்போதெல்லாம் நான் சொல்வது கிரனாடா. அதற்கு மேல் அவர்கள் கேட்கும் கேள்விகள்தான் கீழே.

இது என்ன விழா? எப்போது நடக்கிறது?

ஸ்பெயினின் தென்கோடியில் ஆண்டலூசியா என்ற மாநிலம். அதில் சியரா நெவாடா மலையடிவாரத்தில் இருக்கிற பழைய ஊர் கிரனாடா. 1492 வரை முஸ்லிம் அரசர்கள் ஆண்ட இடம், அல்ஹாம்பிரா கோட்டை இருக்கும் ஊர். அங்கே 1952 முதல் ஆண்டுதோறும் கோடையில் இந்த விழா நடக்கிறது. ஜூன் நடுவில் தொடங்கி ஜூலை நடுவரை, கிட்டத்தட்ட ஒரு மாதம். ஆர்க்கெஸ்ட்ரா, அறையிசை, பியானோ, பழங்காலத் தேவாலய இசை, பாலே, ஆண்டலூசியாவின் பாட்டும் ஆட்டமுமான ஃபிளமெங்கோ எல்லாம் உண்டு. தேதிகள் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் நகரும், அதனால் விமான டிக்கெட் எடுக்கும் முன் விழாவின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள்.

எப்படித் தொடங்கியது?

1952 என்பது பெயர்ப்பலகை வைத்த வருடம். கதை அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. 1883 முதலே கார்பஸ் கிறிஸ்தி என்ற கிறிஸ்தவத் திருவிழாவையொட்டி அல்ஹாம்பிராவுக்குள் இருக்கும் ஐந்தாம் கார்லோஸ் அரண்மனையில் ஆர்க்கெஸ்ட்ரா கச்சேரிகள் வைத்தார்கள். ஊர்த் திருவிழாவை ஒட்டி முளைத்த கச்சேரி மரபு என்று வைத்துக்கொள்ளுங்கள், நமக்குப் புதிதில்லை.

இரண்டாவது வேர் 1922. அப்போது கிரனாடாவில் குடியிருந்த இசையமைப்பாளர் மனுவேல் தே ஃபாயா, இருபத்து நான்கு வயதுக் கவிஞர் லோர்கா, இன்னும் சில நண்பர்கள் சேர்ந்து 'காந்தே ஹோந்தோ' என்ற பழைய ஆண்டலூசியப் பாட்டுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். ஜூன் 13, 14 இரவுகள், இடம் அல்ஹாம்பிராவுக்குள் ஒரு திறந்தவெளி. மதுக்கடை மேடைகளில் காசுக்குப் பாடிப் பாடி இந்தப் பாட்டு கெட்டுப்போகிறது என்பது ஃபாயாவின் கவலை. அதனால் தொழில்முறைப் பாடகர்களுக்குப் போட்டியில் இடமில்லை என்று விதி போட்டார்கள். பரிசு பெற்றவர்களில் ஒருவர் எழுபது வயதைத் தாண்டிய 'எல் தெனாசாஸ்'. இன்னொருவர் பன்னிரண்டு வயதுப் பையன் மனோலோ காரகோல். பெரியவர் சொந்த ஊரிலிருந்து நடந்தே வந்தார் என்று கதை சொல்வார்கள். பையன் பிற்காலத்தில் ஸ்பெயினே கொண்டாடிய தொழில்முறைப் பாடகர் ஆனான். விதி போட்டவர்களின் நினைப்பு அங்கேயே கவிழ்ந்துவிட்டது என்பது என் கட்சி.

1952இல் விழா ஸ்பானிய இசைக்கும் நடனத்துக்குமாகத்தான் தொடங்கியது, சர்வதேசம் பின்னால் சேர்ந்தது. முதல் வருடமே கிட்டார் மேதை ஆந்திரேஸ் செகோவியா வாசித்தார், தேசிய ஆர்க்கெஸ்ட்ராவை அதௌல்ஃபோ அர்ஹென்தா நடத்தினார். பிறகு ரூபின்ஸ்டைன், மெனுஹின், ரோஸ்ட்ரோபோவிச், மார்கோ ஃபான்டைன், நூரயேவ் என்று வரிசை நீளும்.

1952 என்றால் பிராங்கோ ஆட்சிக்காலம் அல்லவா?

ஆமாம், சர்வாதிகாரி பிராங்கோ ஸ்பெயினை ஆண்ட காலம்தான். விழாவைப் பற்றிய விளம்பரங்களில் இதைத் தேடினால் கிடைக்காது, ஆனால் தெரிந்துகொண்டு போவது நல்லது. 1936 ஆகஸ்டில், உள்நாட்டுப் போர் தொடங்கிய சில வாரங்களில், லோர்காவை கிரனாடாவுக்கு வெளியே சுட்டுக் கொன்றார்கள். உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. ஃபாயா மனம் ஒடிந்து 1939இல் அர்ஜென்டினாவுக்குப் போனார், திரும்பவே இல்லை, 1946இல் அங்கேயே இறந்தார். 1922இல் அந்த இரண்டு இரவுகளை நடத்திய இருவருமே இல்லாத ஊரில், லோர்கா கொல்லப்பட்டுப் பதினாறு வருடம் கழித்து, அதே கோட்டைக்குள் அரசு ஆதரவோடு விழா தொடங்கியது. உலகம் ஒதுக்கி வைத்திருந்த ஓர் ஆட்சிக்கு அல்ஹாம்பிராவில் நிலா வெளிச்சக் கச்சேரி என்பது நல்ல முகப்பூச்சு. இப்போது விழாவில் லோர்காவின் வரிகளுக்கு இசையும் நடனமும் அமைத்த நிகழ்ச்சிகள் சகஜம். ஃபாயாவின் பெயரில்தான் ஊரின் முக்கிய இசை அரங்கமே இருக்கிறது.

நிகழ்ச்சிகள் எங்கே நடக்கும்?

இந்த விழாவில் எனக்கு முதல் கேள்வியே இதுதான். யார் வாசிக்கிறார்கள் என்பதை அப்புறம் பார்க்கலாம், முதலில் எந்த இடம் என்று பாருங்கள். வியன்னாவிலும் லண்டனிலும் கேட்கக்கூடிய அதே ஆர்க்கெஸ்ட்ராதான் இங்கேயும் வரும். அங்கே கிடைக்காதது இந்த இடங்கள்.

ஐந்தாம் கார்லோஸ் அரண்மனை: பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்கள் இங்கேதான். வெளியிலிருந்து பார்த்தால் முரட்டுத்தனமான சதுரக் கட்டடம். அல்ஹாம்பிராவின் மென்மையான வேலைப்பாட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் உறுத்தும். உள்ளே போனால் நடுவில் முழு வட்டமாக ஒரு திறந்த முற்றம், சுற்றிலும் இரண்டு அடுக்குத் தூண்கள். பெத்ரோ மச்சூகா என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1527 வாக்கில் தொடங்கிய வேலை, பேரரசர் ஒரு நாள்கூடக் குடியிருக்கவில்லை. பல நூறு வருடம் கூரை முடியாமலே கிடந்தது. இப்போது அந்த வட்டச் சுவர்தான் ஒலியைத் திருப்பி நம்மிடம் அனுப்புகிறது. ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறையவே இரவு 9.40 ஆகிவிடும். கச்சேரி பத்து மணிக்கு மேல். முதல் பகுதி நடக்கும்போது தலைக்கு மேல் வட்டமாக வெட்டியெடுத்த வானம் அடர்நீலத்திலிருந்து கறுப்பாக மாறுவதைப் பார்க்கலாம். மெதுவான பகுதிகளில் உழவாரக் குருவிகள் கூட்டமாகக் கத்திக்கொண்டு குறுக்கே பறக்கும். ரெக்கார்டிங் செய்கிறவர்களுக்கு அது எரிச்சலாக இருக்கலாம், எனக்கு அதில் புகார் இல்லை.

ஹெனெராலிஃபே திறந்தவெளி அரங்கம்: நடனம் இங்கே. அரசர்களின் கோடைத் தோட்டத்தை ஒட்டி, இந்த விழாவுக்காகவே 1950களில் கட்டியது. மேடையின் பக்கத்திரை துணியல்ல, உயரமான சைப்ரஸ் மரங்கள். வெள்ளை உடையில் பாலே ஆடுகிறவர்கள் அந்த இருட்டுப் பச்சையிலிருந்து வெளியே வரும்போது, மேடை அமைப்புக்கென்று யாரும் தனியாகச் செலவு செய்யவே வேண்டாம் என்று தோன்றும். ஃபாயாவின் 'ஸ்பெயினின் தோட்டங்களில் இரவுகள்' என்ற படைப்பின் முதல் பகுதிக்கு இந்தத் தோட்டத்தின் பெயர்தான். விமானத்தில் ஒரு தடவை கேட்டுக்கொண்டே போங்கள்.

அர்ராயானெஸ் முற்றம்: அல்ஹாம்பிராவின் உள் அரண்மனையில் நீளமான குளம், இரு கரையிலும் மிர்ட்டில் செடி வேலி. பாட்டு, கிட்டார், சிறு குழு மாதிரி நிகழ்ச்சிகள். இருக்கைகள் குறைவு, சட்டென்று தீர்ந்துவிடும்.

மலைக்குக் கீழே ஊருக்குள் சான் ஹெரோனிமோ மடத்துக் கோயில் இருக்கிறது. வார இறுதி நாட்களில் நண்பகல் வேளையில் பழங்காலத் தேவாலய இசை அங்கே நடக்கும். தரை முதல் கூரை வரை தங்கமும் ஓவியமுமாக இழைத்த பலிபீடம், நல்ல குளிர்ச்சி. 14ஆம் நூற்றாண்டு வணிகர் சத்திரமான கொர்ரால் தெல் கார்போனும் உண்டு, அங்கே ஃபிளமெங்கோ கேட்பது எனக்குப் பிடித்தமானது. முற்றம் சின்னது, பாடகரின் மூச்சே கேட்கும்.

மனுவேல் தே ஃபாயா அரங்கம் 1978இல் திறந்தது, 1986இல் தீப்பிடித்து மறுபடி கட்டியது. ஒலி அருமை. ஆனால் நாலு சுவருக்குள் உட்கார இவ்வளவு தூரம் வர வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கச்சேரி டிக்கெட் இருந்தால் அல்ஹாம்பிராவைச் சுற்றிப் பார்க்கலாமா?

முடியாது. நிறையப் பேர் ஏமாறும் இடம் இது. கச்சேரி டிக்கெட் கச்சேரிக்கு மட்டும், அல்ஹாம்பிரா நுழைவுச்சீட்டு தனி. அதிலும் முஸ்லிம் அரசர்கள் குடியிருந்த நஸ்ரி அரண்மனைகளுக்குள் போக மணி நேரம் குறித்துக் கொடுப்பார்கள், தாமதமானால் உள்ளே விடமாட்டார்கள். சீட்டில் பெயர் இருக்கும், பாஸ்போர்ட் கையில் வேண்டும். கோடையில் வெகு முன்னதாகவே விற்றுத் தீர்ந்துவிடும். கச்சேரி டிக்கெட் எடுக்கும் அன்றே இதையும் எடுத்துவிடுங்கள். இரண்டும் வேறு வேறு இணையதளம்.

ஃபிளமெங்கோ முன்பின் கேட்டதில்லை. புரியுமா?

தாளம் போட்டுக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு மற்ற வெளிநாட்டு ரசிகர்களைவிடச் சீக்கிரம் பிடிபடும். சொலேயா, புலேரியா போன்ற முக்கிய வகைகள் பன்னிரண்டு எண்ணிக்கைச் சுற்றில் ஓடுகின்றன. அழுத்தம் விழும் இடங்கள் 3, 6, 8, 10, 12. அதாவது மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, இரண்டு. கையில் ஒரு தடவை தட்டிப் பாருங்கள், ஒட்டிக்கொள்ளும். ஒரே எச்சரிக்கை: நம் பழக்கத்தில் சமத்தைத் தேடி முதல் எண்ணிக்கையில் காத்திருப்போம். இங்கே வாக்கியம் வந்து விழுவது பெரும்பாலும் பத்தில். ஆடுகிறவர் காலால் வேகமாக அடுக்கிக்கொண்டே போய்ச் சட்டென்று நிற்கும் இடத்தை எண்ணினால் தெரியும்.

சொலேயா நிதானம், புலேரியா ஓட்டம். நிகழ்ச்சியைப் பொதுவாக புலேரியாவில்தான் முடிப்பார்கள். பாட்டின் வார்த்தைகள் புரியாவிட்டால் பாதகமில்லை. காதல், சாவு, சிறை, தாய் என்று விஷயம் சுற்றிச் சுற்றி வரும். குரல் கரகரப்பாக, உடைந்த மாதிரி இருக்கும், அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த உடைசலுக்காகத்தான் ஊர் ரசிகர்கள் வருகிறார்கள்.

ஃபிளமெங்கோ நம் கதக்கிலிருந்து வந்தது என்கிறார்களே?

வாட்ஸ்அப்பில் எனக்கும் வந்தது. இதில் உறுதியான பகுதி இது: ஃபிளமெங்கோவை வளர்த்தவர்களில் முக்கியமானவர்கள் ஜிப்சிகள் என்று சொல்லப்படும் ரோமா மக்கள். அவர்களுடைய மொழி இந்தோ-ஆரிய மொழிக் குடும்பம், முன்னோர் வட இந்தியாவிலிருந்து பல நூற்றாண்டுகள் மேற்கே நகர்ந்து போனவர்கள். ஸ்பெயினில் அவர்களைப் பற்றிய முதல் ஆவணம் 1425. இவ்வளவும் சரி. ஆனால் கதக்கும் ஃபிளமெங்கோவும் இன்றைய உருவத்துக்கு வந்தது அதற்கு வெகு காலம் கழித்து, அவரவர் ஊரில். காலடித் தாளமும் சுழற்சியும் ஒத்துப்போவதை வைத்து ஒன்று மற்றதன் தாய் என்று சொல்ல ஆதாரமில்லை. ஃபாயாவே 1922இல் எழுதியபோது பைசாந்தியத் தேவாலயப் பாட்டு, அரபு ஆட்சி, ரோமாக்களின் வருகை என்று மூன்று ஊற்றுகளைச் சொன்னார். 'நம்மளோடது' என்று நெஞ்சை நிமிர்த்த ஆசைதான், கொஞ்சம் பொறுப்போம்.

எப்போது கைதட்டலாம்?

ஆர்க்கெஸ்ட்ராவில் ஒரு படைப்பு முழுக்க முடிந்த பிறகு. நடுவே பகுதிகள் முடியும்போது நிசப்தமாக இருக்கும், அப்போது தட்டினால் பக்கத்து வரிசை திரும்பிப் பார்க்கும். ஃபிளமெங்கோ நேர் எதிர், 'ஓலே' என்று நடுவிலேயே சொல்வார்கள். நாம் 'பலே' போடுகிற அதே இடங்கள்தான், ஒரு நல்ல சங்கதி விழுந்தவுடன். ஆனால் தாளத்தோடு சேர்ந்து கை தட்டாதீர்கள். அது மேடையில் அதற்கென்றே உட்கார்ந்திருப்பவர்களின் வேலை, அவர்களுக்கு அது வாத்தியம்.

வெயில் எப்படி? புடவையில் போகலாமா?

பகலில் 35 டிகிரிக்கு மேல் சர்வசாதாரணம், ஆனால் வியர்க்காத உலர்ந்த வெயில். ஊர் சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருப்பதால் நள்ளிரவில் நன்றாகவே குளிரும். ஹெனெராலிஃபேயில் இரண்டாம் பாதிக்குச் சால்வை இல்லாமல் உட்கார்ந்திருப்பது கஷ்டம். புடவை தாராளமாகக் கட்டலாம். காலில்தான் கவனம் வேண்டும்: பாதையெல்லாம் கூழாங்கல்லும் சரளையும், இருட்டு, சரிவு. குதிகால் செருப்பு வேண்டாம். டை, கோட்டு கட்டாயமில்லை.

மலை மேலே எப்படிப் போவது?

ஊர் நடுவிலிருந்து சி30 என்ற சிறிய சிவப்புப் பேருந்து போகும். நடக்க முடிந்தால் கொமேரெஸ் ஏற்றத்தில் நடந்து போங்கள், அரை மணிக்குள் போய்விடலாம், மேல்பாதி முழுக்க மர நிழல். அந்தத் தெருவின் கீழ்ப்பாதியில் கிட்டார் செய்கிறவர்களின் பட்டறைகள் இருக்கின்றன. கதவு திறந்திருந்தால் உள்ளே மரச்சீவல் நடுவே ஒருவர் கிட்டார் முதுகுக்குப் பசை தடவிக்கொண்டிருப்பார். நின்று பார்த்தால் கோபிப்பதில்லை, போட்டோ எடுக்கும் முன் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வருவது நள்ளிரவுக்கு மேல், வரிசையில் நின்று டாக்சி பிடிப்பதைவிடக் கூட்டத்தோடு கீழே இறங்கி நடப்பது சுலபம்.

இந்தியாவிலிருந்து போக என்ன ஏற்பாடு?

ஷெங்கன் விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடையில் விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பதே பெரும்பாடு என்பதால் ஏப்ரல், மே வரை தள்ளிப்போடாதீர்கள். மாட்ரிட் வரை விமானம், அங்கிருந்து அதிவேக ரயில். 2019 முதல் ஓடுகிறது, மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மலாகாவில் இறங்கினால் பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குள்.

சைவம் கிடைக்குமா?

கிடைக்கும், கேட்டுச் சாப்பிட வேண்டும். கிரனாடாவில் பானம் வாங்கினால் கூடவே ஒரு சின்னத் தட்டு தபாஸ் இலவசமாக வரும், ஊர் வழக்கம். அது பெரும்பாலும் பன்றி இறைச்சி அல்லது மீன். ஆகவே முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கரும்புப்பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவல், கொண்டைக்கடலை போட்ட கீரை, காஸ்பாச்சோ என்ற குளிர்ந்த தக்காளி சூப் இவையெல்லாம் நம்பிச் சாப்பிடலாம். சால்மொரேஹோ என்ற தக்காளிக் கூழ் சைவம் மாதிரியே இருக்கும், மேலே பன்றி இறைச்சித் துருவல் தூவியிருப்பார்கள். கச்சேரிக்கு முன் எட்டு மணிக்குச் சாப்பிடப் போனால் பல சமையலறைகள் அடுப்பே பற்ற வைத்திருக்காது. கச்சேரி முடிந்த பிறகு ஊரே சாப்பிடும்.

டிக்கெட் விலை கட்டுப்படி ஆகாது. வேறு வழி உண்டா?

உண்டு. 2004 முதல் 'ஃபெக்ஸ்' என்ற பெயரில் விழாவின் கிளை ஒன்று நடக்கிறது. ஊர்ச் சதுக்கங்கள், பூங்காக்கள், சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் நிகழ்ச்சிகள், பெரும்பாலும் இலவசம். ஜாஸ், தெரு நடனம், பித்தளை வாத்தியக் குழு என்று கலவையாக இருக்கும். கோட்டைக்குள் நடப்பதைப் பற்றி 'மேட்டுக்குடி விழா' என்ற முணுமுணுப்புக்கு இதில் பாதி பதில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் பேரப்பிள்ளைகளோடு நாற்காலி எடுத்து வந்து உட்காருவது இங்கேதான்.

ஸ்பானிஷ் தெரிய வேண்டுமா?

வேண்டாம். தெரிந்தால் டாக்சியில் உதவும்.

பகலில் என்ன செய்வது?

மதியம் இரண்டிலிருந்து ஆறு வரை தூங்குங்கள், ஊரும் அதைத்தான் செய்கிறது. காலையில் ஃபாயா குடியிருந்த வீட்டைப் பாருங்கள். அல்ஹாம்பிரா மலைச்சரிவில், வெள்ளைச் சுவரும் சின்னத் தோட்டமுமாக, அவர் விட்டுப்போன மாதிரியே வைத்திருக்கிறார்கள். பியானோ, சாய்வு நாற்காலி, மருந்து பாட்டில்கள். ஆளுக்கு நோய் பயம் அதிகம், அந்த வீட்டில் அது தெரியும். மாலையில் எதிர் மலையில் அல்பைசின் தெருக்கள், அதைத் தாண்டி சாக்ரோமோன்தே குகை வீடுகள். அங்கே சுற்றுலாப் பயணிகளுக்காக நடக்கும் ஃபிளமெங்கோவும் உண்டு. தரம் ஏறி இறங்கும், ஆனால் ரோமா குடும்பங்கள் தலைமுறையாக ஆடிய இடம் அது.

இசை மாணவர்களுக்கு ஏதாவது?

1970 முதல் ஃபாயா பெயரில் சர்வதேசப் பயிற்சி வகுப்புகள் விழாவோடு சேர்ந்து நடக்கின்றன. பாடங்கள் வருடத்துக்கு வருடம் மாறும்.

எனக்கு ஒரே ஓர் இரவுதான் இருக்கிறது. எதற்குப் போக?

அன்றைக்கு ஐந்தாம் கார்லோஸ் முற்றத்தில் ஆர்க்கெஸ்ட்ரா இருந்தால் அதற்கு. யார், என்ன வாசிக்கிறார்கள் என்று பார்க்காமலே எடுக்கலாம். பரதம் ஆடுகிறவர்கள் கூட வந்தால் ஹெனெராலிஃபே. இரண்டுக்கும் டிக்கெட் தீர்ந்துவிட்டால் விழா இணையதளத்தை அன்று காலையில் மறுபடி பாருங்கள், திரும்பி வரும் இடங்கள் ஒன்றிரண்டு விற்பனைக்கு வருவதுண்டு. அதுவும் இல்லையென்றால் கொர்ரால் தெல் கார்போன், அங்கே நிகழ்ச்சி இருக்கும் இரவாகப் பார்த்து.